கீற்றா, பச்சை வலையா, ஷீட்டா? எந்த நிழல் போட்டால் வீட்டில் அனல் குறையும்?

காவேரிப்பாக்கம்,

சித்திரை பிறந்துவிட்டால் போதும். காவேரிப்பாக்கம், ஓச்சேரி, பாணாவரம், நெமிலி சுற்றுவட்டாரத்தில் காலை 10 மணிக்கே வெயில் மண்டையைப் பிளக்கும். அக்னி நட்சத்திரம் தொடங்கும் மே முதல் வாரத்தில் வேலூர், ராணிப்பேட்டை பகுதிகளில் வெயில் சதம் அடிப்பது வாடிக்கை. பகலில் வாசலில் கால் வைக்க முடியாது. ராத்திரியில் வீட்டுக்குள் படுக்க முடியாது.

ராணிப்பேட்டை சிப்காட், மேல்விஷாரம், ஆம்பூர் பக்கம் தோல், ஷூ கம்பெனிகளில் நைட் ஷிப்ட் முடித்து வருபவர்கள் பகலில்தான் கண்ணயர வேண்டும். வீட்டில் உட்கார்ந்து பீடி சுற்றுகிற, ஷூவுக்கு கைத்தையல் போடுகிற பெண்களுக்கு வாசல்தான் வேலை செய்யும் இடம். ஏ.சி. போட எல்லோருக்கும் வசதி இல்லை. போட்டாலும் கரண்ட் பில் கண்ணைக் கட்டும்.

அதனால்தான் வருஷா வருஷம் கோடையில் கீற்று, சவுக்குக் கம்பு, பச்சை வலை, தகர ஷீட் வியாபாரம் களை கட்டுகிறது. ஆனால் ஆயிரக்கணக்கில் செலவழித்து ஷீட் போட்ட பிறகு, "முன்னைவிட இப்பதான் ஜாஸ்தியா கொதிக்குது" என்று புலம்புபவர்களும் உண்டு. நிழல் போட்டும் ஏன் சூடு? எதை, எங்கே, எப்படிப் போட வேண்டும்? பார்க்கலாம்.

வானிலை பெட்டி சொல்லும் ரகசியம்

'இன்று 106 டிகிரி வெயில்' என்று செய்தியில் படிக்கிறோம். அது நடு வெயிலில் எடுத்த கணக்கு இல்லை. நிழலில் எடுத்த கணக்கு. வானிலை மையத்தில் தெர்மாமீட்டரை ஒரு மரப்பெட்டிக்குள் வைத்துத்தான் அளக்கிறார்கள். வெயிலில் நிற்பவரின் உடம்பில் ஏறும் சூடு அதைவிட அதிகம்.

அந்தப் பெட்டியைக் கொஞ்சம் கவனித்துப் பார்த்தால் வீட்டுக்கு நிழல் போடுகிற சூட்சுமம் முழுவதும் அதில் இருக்கிறது. பெட்டி முழுக்க வெள்ளை பெயிண்ட். மேலே ஒரு கூரை இல்லை, இரண்டு கூரை. நடுவில் காற்று ஓட இடைவெளி. நாலு பக்கமும் சாய்வுப் பலகை அடித்து காற்று உள்ளே புகுந்து வெளியே போகிற மாதிரி இருக்கும். தரையில் இருந்து சுமார் 4 அடி உயரத்தில் ஸ்டாண்டில் நிற்கும்.

வெள்ளை நிறம், இரட்டைக் கூரை, காற்றோட்டம். இந்த மூன்றும் இருந்தால் அது நிழல். மூன்றும் இல்லாமல் மேலே எதையாவது மூடினால் அது மூடி போட்ட சட்டி. உள்ளே இருப்பவர்கள் வேக வேண்டியதுதான்.

சூரியன் எங்கே நிற்கிறது?

பந்தல் போடுவதற்கு முன்னால் சூரியன் போகிற பாதையைத் தெரிந்து கொள்வது நல்லது. காவேரிப்பாக்கம் இருக்கும் இடத்தில் ஏப்ரல் கடைசி வாரத்தில் நடுப்பகலில் சூரியன் உச்சந்தலைக்கு நேராக வந்து விடுகிறது. அதன்பிறகு ஆகஸ்டு மூன்றாவது வாரம் வரை மத்தியான சூரியன் கொஞ்சம் வடக்கே தள்ளித்தான் நிற்கும்.

இதில் இருந்து மூன்று விஷயம் தெரிகிறது.

முதலாவது, கோடையில் அதிகமாக வெயில் வாங்குவது சுவர் அல்ல, மேல்தளம். காலை 9 மணியில் இருந்து மாலை 4 மணி வரை அத்தனை வெயிலும் மாடி மேல்தான் விழுகிறது.

இரண்டாவது, மாலை வெயில் மேற்குச் சுவரில் நேராக அடிக்கும். அப்போது சூரியன் தாழ இருப்பதால் தலைக்கு மேலே எவ்வளவு பெரிய பந்தல் போட்டாலும் வெயில் பக்கவாட்டில் உள்ளே நுழைந்து விடும். மேற்குப் பக்கம் வேண்டியது கூரை இல்லை, தட்டி.

மூன்றாவது, கோடைக்காக மட்டும் பந்தல் போடுபவர்கள் தெற்குப் பக்கம் நீட்டி செலவு செய்ய வேண்டியதில்லை. மேற்கிலும், கொஞ்சம் வடக்கிலும் நீட்டினால் போதும். தெற்கு வெயில் மார்கழி, தை மாதத்தில்தான் சாய்வாக உள்ளே வரும். அப்போது அது இதமாகத்தான் இருக்கும்.

குடிசை போச்சு, தளம் வந்தது

ஒரு காலத்தில் இந்தப் பகுதியில் பனை ஓலை, தென்னங்கீற்று, விழல் வேய்ந்த வீடுகள் ஏராளம். அவை ஜில்லென்று இருந்ததற்குக் காரணம் உண்டு. ஓலைக்கு நடுவே காற்று தங்கி நிற்கும். அது சூட்டைக் கீழே விடாது. பொழுது சாய்ந்ததும் ஓலை சீக்கிரம் ஆறி விடும்.

ஆனால் மழையில் ஒழுகும். தீப்பிடித்தால் நிமிஷத்தில் தெருவே காலி. அதனால் குடிசைகளை மாற்றி தளம் போட்ட வீடு கட்ட அரசும் உதவி செய்தது. 2010-ல் கலைஞர் வீட்டு வசதித் திட்டம், 2011-ல் பசுமை வீடுகள் திட்டம், 2024-ல் கலைஞரின் கனவு இல்லம் என்று அடுத்தடுத்து திட்டங்கள் வந்தன. கனவு இல்லம் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு ரூ.3½ லட்சம் என்று அறிவிக்கப்பட்டது.

தளம் வந்ததில் பாதுகாப்பு வந்தது. கூடவே சூடும் வந்தது. கான்கிரீட் பகல் முழுக்க வெயிலைக் குடித்து வைத்துக் கொண்டு, ராத்திரி முழுக்க மெல்ல மெல்ல கீழே கக்கும். பேன் போட்டால் அனல் காற்று அடிப்பது இதனால்தான். பேன் மேல் குற்றம் இல்லை. தளம் சூடானால், அதை ஒட்டி நிற்கும் காற்றைத்தான் பேன் கீழே தள்ளுகிறது.

எனவே முதல் வேலை, தளத்தின் மேல் வெயில் விழாமல் தடுப்பது. வாசல் பந்தல் அடுத்ததுதான்.

தலைக்கு மேல தோசைக்கல்லா, தளத்துக்கு மேல குடையா?

தகர ஷீட் விஷயத்தில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். நல்ல வெயிலில் தகரம் 60 டிகிரி செல்சியசைத் தாண்டி கொதிக்கும். 7 அடி உயரத்தில் ஷீட் போட்டு அதற்குக் கீழே உட்கார்ந்தால், தோசைக்கல்லுக்கு அடியில் உட்கார்ந்த மாதிரிதான். வெயில் மேலே படாது. ஆனால் ஷீட்டின் சூடு தலையில் இறங்கும்.

அதே ஷீட்டை மொட்டை மாடியின் மேல் போட்டு, தளத்துக்கும் ஷீட்டுக்கும் நடுவில் நாலு பக்கமும் திறந்து விட்டால் கதையே வேறு. ஷீட் கொதிக்கட்டும். அந்தச் சூட்டை நடுவில் ஓடுகிற காற்று அடித்துக் கொண்டு போய்விடும். தளம் நிழலில் இருக்கும். கீழே வீடு ராத்திரியில் சீக்கிரம் ஆறும். ஷீட் இங்கே குடை மாதிரி வேலை செய்கிறது.

வாசலில் ஷீட் போட்டே ஆக வேண்டும் என்றால் சில விஷயங்களைக் கவனிக்க வேண்டும். உயரம் 9, 10 அடிக்குக் குறையாமல் இருக்கட்டும். ஒரு பக்கம் நன்றாகத் தூக்கி சாய்வு கொடுக்க வேண்டும். சூடான காற்று மேலே ஏறி உயரமான பக்கம் வழியாக வெளியேற வேண்டும். அந்தப் பக்கத்தை சுவர் வைத்து அடைத்தால் சூடு உள்ளேயே சுற்றும். கலர் பார்த்து வாங்கும்போது நீலம், சிவப்பை விட வெள்ளையே மேல். ஷீட்டுக்குக் கீழே ஒரு முழம் இடைவெளி விட்டு மூங்கில் தட்டி கட்டினால் அதுவே இரண்டாவது கூரை. அனல் நேராக இறங்காது.

சிமெண்ட் ஷீட்டா? உஷார்!

ஆஸ்பெஸ்டாஸ் கலந்த சிமெண்ட் ஷீட் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. எல்லா வகை ஆஸ்பெஸ்டாசும் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் எச்சரித்திருக்கிறது. ஷீட் முழுசாக, உடையாமல் இருந்தால் ஆபத்து குறைவு. அறுக்கும்போதும், துளை போடும்போதும், உடைந்து நொறுங்கும்போதும் கிளம்புகிற தூசிதான் நுரையீரலுக்குள் போய்த் தங்கும். பழைய ஷீட்டை வாங்கி வந்து வாசலில் வைத்து அறுப்பதைத் தவிர்க்க வேண்டும். ஏற்கனவே வீட்டின் மேல் இருப்பதைச் சுரண்டவோ, கம்பி பிரஷ் போட்டுத் தேய்க்கவோ கூடாது.

பச்சை வலை: செலவு குறைவு, காற்று தடைபடாது

2024 கோடையில் புதுச்சேரியில் டிராபிக் சிக்னல்களில் பச்சை வலைப் பந்தல் போட்டார்கள். வண்டியை நிறுத்தி விட்டு சிவப்பு விளக்கு மாறும் வரை நிழலில் நின்ற ஜனங்கள் பாராட்டினார்கள். அந்தப் படம் நாடு முழுக்கப் பரவியது.

அதே வலை வீட்டு வாசலுக்கும் பொருத்தம். ஓட்டை ஓட்டையாக இருப்பதால் சூடான காற்று அடியில் தேங்காது. மேலே போய்விடும். காற்றடித்தாலும் முழு வேகத்தையும் தாங்க வேண்டியதில்லை. கழற்றி மடித்து வைத்து விடலாம். வாடகை வீட்டுக்காரர்களுக்கு இதுதான் தோது.

கடையில் கேட்கும்போது 'எத்தனை சதவீதம்' என்று கேட்டு வாங்க வேண்டும். 50 சதவீத வலை என்றால் பாதி வெயிலைத்தான் தடுக்கும். அது செடி, கொடிக்கு. மனிதர் உட்கார, மாடு கட்ட 75 சதவீதம் அல்லது 90 சதவீதம் வேண்டும். வாங்கும்போது இரண்டு கையால் பிரித்து வெயிலுக்கு எதிரே பிடித்துப் பார்த்தாலே நெருக்கம் தெரிந்துவிடும்.

ஒன்றை மறக்கக் கூடாது. வலை பிளாஸ்டிக். அடுப்பு, வெந்நீர்த் தவலை, குப்பை கொளுத்தும் இடம் பக்கத்தில் கட்டக் கூடாது. மழைக்கு வலை உதவாது.

பிளக்ஸ், தார்ப்பாய் எப்படி?

கல்யாணம், கட்சிக் கூட்டம் முடிந்து கிடைக்கிற பழைய பிளக்சை இழுத்துக் கட்டுவது எல்லா ஊரிலும் நடக்கிறது. காசு செலவில்லை என்பது உண்மை. ஆனால் பிளக்சும் தார்ப்பாயும் காற்றை விடாது. தாழ கட்டினால் அடியில் புழுங்கும். பெருங்காற்று வந்தால் பாய்மரம் மாதிரி புடைத்து கம்பையே பிடுங்கும். வேறு வழி இல்லை என்றால் வெள்ளைப் பக்கம் வானத்தைப் பார்க்கிற மாதிரி, உயரமாக, இரண்டு பக்கம் திறந்து கட்டலாம். கோடை மழைக்கு நடுவில் தண்ணீர் தேங்காதபடி சாய்வு வேண்டும்.

கீற்றுப் பந்தல்: குளுமைக்கு ராஜா, தீக்கு இரை

குளுமை என்று பார்த்தால் கீற்றை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. தாங்கும் சூடு குறைவு. கீழே அனல் வீசாது. சவுக்குக் கம்பும் கயிறும் போதும். உள்ளூர் ஆட்களே அரை நாளில் கட்டி விடுவார்கள்.

ஆனால் கீற்று என்றால் 2004-ம் வருஷத்தைத் தமிழ்நாடு மறக்க முடியாது. அந்த ஆண்டு ஜனவரி 23-ந்தேதி ஸ்ரீரங்கத்தில் கல்யாண மண்டபத்து மாடியில் போட்டிருந்த கீற்றுப் பந்தல் தீப்பிடித்து 50-க்கும் மேற்பட்டோர் பலியானார்கள். ஆறே மாதத்தில், ஜூலை 16-ந்தேதி, கும்பகோணம் பள்ளிக்கூடத்தில் கீற்றுக் கூரையில் பற்றிய தீ 94 பிஞ்சுகளின் உயிரைப் பறித்தது.

அதனால் கீற்றுப் பந்தல் போடுபவர்கள் சில விஷயத்தில் பிடிவாதமாக இருக்க வேண்டும். சமையல் அடுப்பு, கேஸ் சிலிண்டர் அதன் அடியில் வேண்டவே வேண்டாம். பந்தல் கம்பில் ஒயர் சுற்றி பல்பு போடக் கூடாது. மொட்டை மாடியில் கீற்று வேண்டாம். தீப்பிடித்தால் இறங்க ஒரே படிதான். வீட்டுக்கு ஒரே வாசல் என்றால் அந்த வாசலை மறைத்து கீற்று கட்டாமல், பக்கவாட்டில் தள்ளிக் கட்ட வேண்டும். பந்தலுக்குப் பக்கத்தில் இரண்டு குடம் தண்ணீர், ஒரு வாளி மணல் எப்போதும் இருக்கட்டும். கோடை முடிந்ததும் காய்ந்த கீற்றைப் பிரித்து விடுவது நல்லது.

கொடிப் பந்தல்: நிழலும் காயும்

இடம் இருப்பவர்களுக்கு இதைவிட மலிவான குளுமை கிடையாது. இலை தண்ணீரை ஆவியாக்கிக் கொண்டே இருப்பதால் தகரம் மாதிரி அது கொதிக்காது. சுரை, பீர்க்கு, பாகல், புடலை எல்லாம் பந்தலுக்கு ஏற்றவை.

விஷயம் என்னவென்றால், வெயில் வந்த பிறகு விதை போட்டால் நிழல் வருவதற்குள் கோடை போய்விடும். தைப் பட்டத்தில் போட வேண்டும். அப்போதுதான் சித்திரைக்குள் பந்தல் மூடும். பாத்திரம் கழுவுகிற, அரிசி களைகிற தண்ணீரே கொடிக்குப் போதும். தண்ணீர் தேங்கினால் கொசு வரும். காய்ந்த இலைக் குப்பை சேர்ந்தால் பூச்சி, பாம்பு அடையும். அடிக்கடி கூட்டி எடுத்து விட்டால் பயம் இல்லை.

இன்னும் நீண்ட நாள் யோசனை உள்ளவர்கள் மேற்குப் பக்கத்தில் ஒரு வேம்போ, புங்கனோ வைக்கலாம். சுவரில் இருந்து 10, 15 அடி தள்ளி வைக்க வேண்டும். இரண்டுமே இலை உதிர்த்து, கோடை உச்சத்துக்கு வருவதற்குள் புதுத்தளிர் விட்டு நிற்கும். நாலைந்து வருஷம் பொறுத்தால் மேற்கு வெயில் தொல்லை தீர்ந்தது. மரம் வளரும் வரை அந்தப் பக்கம் பச்சை வலையோ, மூங்கில் தட்டியோ தொங்க விடலாம். சுவரை ஒட்டிக் கட்டாமல் ஒரு முழம் தள்ளிக் கட்டினால் நடுவில் காற்று ஓடும்.

பந்தலே வேண்டாம், சுண்ணாம்பு போதும்

கையில் காசு குறைவாக இருந்தால் முதலில் செய்ய வேண்டியது மாடியை நன்றாகக் கூட்டிக் கழுவி வெள்ளை அடிப்பது. கறுத்துப் போன தளம் வெயிலின் பெரும்பகுதியை உறிஞ்சும். வெள்ளைத் தளம் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பும். இப்படிச் செய்தால் வீட்டுக்குள் 2 முதல் 5 டிகிரி செல்சியஸ் வரை குறையலாம் என்பது கணக்கு. தெலுங்கானா அரசு 2023-ல் இதற்காகத் தனிக் கொள்கையே வெளியிட்டது. குஜராத்தில் ஆமதாபாத் மாநகராட்சி அதற்கு முன்பே ஏழைகள் வீட்டுக் கூரைகளில் வெள்ளை அடிக்கும் வேலையைத் தொடங்கியது.

சுண்ணாம்புடன் கொஞ்சம் பசை கலந்து இரண்டு, மூன்று கை அடித்தால் ஒரு கோடைக்குத் தாங்கும். கண்ணில் தெறிக்காமல் பார்த்துக் கொள்ள வேண்டும். தூசி படிந்து அழுக்கானால் பலன் குறையும். அவ்வப்போது கழுவி விட வேண்டும்.

சொந்த வீடு, கொஞ்சம் வசதி உள்ளவர்களுக்கு சோலார் தகடும் ஒரு நிழல்தான். தளத்தில் இருந்து தூக்கி வைப்பதால் அடியில் காற்று ஓடும். மத்திய அரசு 2024 பிப்ரவரியில் தொடங்கிய சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு ரூ.78 ஆயிரம் வரை மானியம் அறிவிக்கப்பட்டது.

காற்று, கரண்ட்: ரெண்டு எமன்

கோடை மழை சும்மா வராது. சூறைக்காற்றோடு வரும். ஷீட் பறக்காமல் இருக்க மேலே கருங்கல், பழைய டயர் தூக்கி வைப்பது பலரின் வழக்கம். ஷீட் கிளம்பினால் அந்தக் கல்தான் முதலில் ஆள் மேல் விழும். கொக்கி போல்ட்டு போட்டு பைப்போடு இறுக்க வேண்டும். பைப் கால்களை ஒன்றரை, இரண்டு அடி குழியில் கான்கிரீட் போட்டு நிறுத்த வேண்டும். பழைய தளமாக இருந்தால் மாடியில் பாரம் ஏற்றுவதற்கு முன் ஒரு நல்ல மேஸ்திரியை அழைத்துக் காட்டுவது அவசியம்.

அடுத்தது கரண்ட். வீட்டு ஓரமாகப் போகும் சாதாரண மின்கம்பிக்கும் கட்டிடத்துக்கும் நடுவில் பக்கவாட்டில் 1.2 மீட்டர், அதாவது 4 அடி இடைவெளி இருக்க வேண்டும். கம்பி மேலே போனால் 2.5 மீட்டர், அதாவது 8 அடிக்கு மேல் வேண்டும். 11 ஆயிரம் வோல்ட் கம்பி என்றால் மேலே 12 அடி. இது விதி. பந்தல் போட்டபின் அளந்து பயன் இல்லை. இரும்பு பைப்பை நட்டமாகத் தூக்கும்போது மேலே உரசித்தான் விபத்து நடக்கிறது. ஈரக் கொடி, வலை கட்டுகிற கம்பி எதையும் மின்கம்பத்திலோ அதன் ஸ்டே கம்பியிலோ கட்டக் கூடாது. சந்தேகம் இருந்தால் மின்வாரிய மின்னகம் எண் 94987 94987-ல் கேட்கலாம்.

யாருக்கு எது?

வாடகை வீடு என்றால் வாசலுக்கு 75 சதவீத வலை, மேற்குச் சுவருக்கு ஒரு தட்டி. வீட்டுக்காரர் சம்மதித்தால் மாடிக்குச் சுண்ணாம்பு.

சொந்தத் தளம் போட்ட வீடு என்றால் முதலில் மாடிக்கு வெள்ளை. காசு சேர்ந்ததும் மாடி மேல் திறந்த ஷீட் கொட்டகை.

ஷீட் வீடு என்றால் உள்ளே மூங்கில் தட்டி கட்டி, மேலே இரண்டு பக்கமும் காற்று போக வழி விட்டால் பாதி அனல் அடங்கும்.

வாசலில் பீடி சுற்றுபவர்கள், தையல் வேலை செய்பவர்கள் கொடிப் பந்தலோ வலையோ போட்டு, மேற்கே தட்டி தொங்க விடலாம். மாட்டுக் கொட்டகைக்கும் இதே கணக்குதான். மாட்டுக்கும் வெயில் ஒன்றுதான்.

எந்த நிழல் போட்டாலும் அது வெயிலைத் தடுக்குமே தவிர காற்றின் சூட்டைக் குறைக்காது. தமிழக அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, பலியானவர் குடும்பத்துக்கு ரூ.4 லட்சம் நிவாரணம் என்று உத்தரவிட்டது. வெயில் உயிரை எடுக்கும் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. நிழலில் உட்கார்ந்திருப்பவருக்கும் உடம்பு நெருப்பாகக் கொதித்து, பேச்சு குளறி, மயக்கம் வந்தால் அது சாதாரண களைப்பு இல்லை. உடம்பில் தண்ணீர் ஊற்றி விசிறிக் கொண்டே 108-க்கு போன் செய்ய வேண்டும்.

கடைக்குப் போய் ஷீட் விலை கேட்பதற்கு முன்னால் ஒரே ஒரு நாள் செலவழித்தால் போதும். காலை 10 மணி, மத்தியானம் 1 மணி, மாலை 4 மணி. மூன்று நேரமும் வீட்டைச் சுற்றி வந்து வெயில் எங்கே விழுகிறது, காற்று எந்தப் பக்கம் இருந்து வருகிறது என்று பார்த்து வைத்துக் கொள்ளுங்கள். வெயில் வருகிற பக்கத்தை மறையுங்கள். காற்று வருகிற பக்கத்தை மட்டும் மறைத்து விடாதீர்கள்.